கவலை வடத்தில் தொங்கிய இரண்டு உயிர்கள்

அம்மனை நம்பி வாழும் தாய்மார்களே, எங்கள் கிணற்றடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன வருஷத்துக் கோடை. பட்டாளத்துக்குப் போன என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஏரியூர்ப் பக்கம் எங்கள் ராகி வாடிக்கொண்டிருந்தது. இளவட்டம் எல்லாம் பட்டாளத்தில். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டினேன். ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்ள, மாடுகள் அதை இழுக்க, கிணற்றிலிருந்து தோல்சால் என்கிற பெரிய தோல்வாளி தண்ணீரோடு மேலே வரும். பெண்பிள்ளை வடத்தில் உட்காருவதா என்று ஊரே சிரித்தது. மாமியார் கிணற்றுப் பக்கமே வரமாட்டார்.

"எங்க வம்சத்துல எந்தப் பொம்பளையும் கவல மாட்டத் தொட்டதில்ல" என்பார்.

நாத்தனார் பச்சியம்மா மட்டும் எனக்குத் துணை.

ஒரு நாள் காலை கிணற்று விளிம்பில் சால் சிக்கிக்கொண்டது. எடுத்துவிடக் குனிந்த பச்சியம்மா கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். படியில்லாத கிணறு. எட்டிப் பார்த்தேன். நெற்றியில் ரத்தம். ஒரு கையால் பாறையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, கை வழுக்குது!"

கூப்பிடு தூரத்தில் ஓர் ஆண் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. "மாரியாத்தா, என்ன எடுத்துக்க, அவள வுட்டுடு." அவ்வளவுதான் வேண்டினேன்.

"நீ எறங்கு. மாட்ட நான் பாத்துக்கறேன்."

திரும்பிப் பார்த்துத் திகைத்துப் போனேன். அலறல் கேட்டு ஓடிவந்த மாமியார். மாட்டுக் கயிறு அவர் கையில்.

"அத்த, உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்களே!"

"ஆத்தாளுக்குத் தெரியும். எறங்குடி!"

சிக்கை எடுத்துவிட்டு, தோல்சாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்; மாமியார் மாடுகளைப் பின்னுக்கு நடத்த, கிணற்றுக்குள் இறங்கினேன். பச்சியம்மாவை என் முந்தானையால் என்னோடு சேர்த்துக் கட்டினேன். வடம் இறுகியது. பாதி வழியில் குலுங்கி நின்றது. கீழே கறுத்த தண்ணீர். "போ சாமி, போ" என்று மேலே மாமியார் அழுகிற குரல். என் சொல்லுக்கே முரண்டு பிடிக்கும் அந்த மாடுகள் மெல்ல அடி எடுத்து வைத்தன. இதை எப்படி நம்பச் சொல்வேன்?

மேலே வந்த பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். மாமியார் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே வடத்தில் ஏறி உட்கார்ந்தார். சிரித்த வீட்டுப் பெண்களும் கவலை ஓட்டக் கற்க வந்தார்கள். ராகி பிழைத்தது. போர் முடிந்து என் வீட்டுக்காரரும் உயிரோடு வந்து சேர்ந்தார். வடத்தின்மேல் தன் தாயைக் கண்டு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்றார்!

தாய்மார்களே, ஆத்தாளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு இறங்குங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒருத்தியின் கையாக அவள் வருவாள்.