கொலைகாரராக நடித்தவர்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் நானும் என் சின்ன மகளும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வந்தமர்ந்தவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனாலும் அடையாளம் தெரிந்தது. போன வாரம் டிவி நாடகத்தில், மனைவியைக் கொன்ற சினிமா நடிகராக வந்தவர். நிஜமாக நடந்த வழக்கு அது. அதில் சிக்கிய நிஜ நடிகர் சாட்சி இல்லாமல் விடுதலையாகிவிட்டார்.

இவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நேத்து திண்டிவனம் மார்க்கெட்டுல ஒரு அம்மா செருப்பால அடிச்சிட்டாங்க சார். பொண்டாட்டிய கொன்னுட்டு கத்திரிக்கா வாங்கிக்கினு இருக்கியான்னு கேட்டாங்க."

"அந்த நிஜ நடிகர்?"

"சாயங்காலம் அங்க கடை திறக்க வந்தாருங்க. அடிச்ச அம்மாதான் ஆரத்தி எடுத்தாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திண்டிவனம் வரை பேசிக்கொண்டே போனோம். சாதுவான மனிதர். ஆனாலும் அவர் நீட்டிய வறுத்த மல்லாட்டைக் கடலையை மகள் வாங்கப் போனபோது, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.