திறக்காத வாக்குமூலம்

தட்டச்சர் அக்கா என் மேசைமேல் வைத்த சுற்றறிக்கையில் ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார். அரசு ஆவணங்களை எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடு தமிழில்தான் சேமிக்க வேண்டும் என்ற வரி அது. சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் நான் அப்போதுதான் கண்காணிப்பாளராகியிருந்தேன். நாங்களோ ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அதில் அடித்ததை அது மட்டுமே திறக்கும்.

"சார், அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்குக் கடைய மூடிட்டா, நாம அடிச்சத நாமளே படிக்க முடியாது. யாரு வேணும்னாலும் போட்டுக்கிடுத மாதிரி பொது மென்பொருள் இருக்கு. நானே எல்லாத்தையும் மாத்தித் தாரேன்" என்றார்.

பழைய மென்பொருள் எனக்குப் பழகியிருந்தது, எழுத்தும் அழகாக விழும். உண்மையைச் சொன்னால், எனக்குக் கீழே வேலை பார்ப்பவர் எனக்கு விதியைக் காட்டியதுதான் பொறுக்கவில்லை. "உங்க வேலைய மட்டும் பாருங்க" என்றேன். தான் ஓய்வு பெறும்வரை அக்கா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அக்கா போன சில ஆண்டுகளில் அந்த மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டது. புதிய கணினிகளில் பழைய மென்பொருள் ஏற மறுத்தது. அப்போதுதான் குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆடு மேய்த்த அவள் தகப்பனார், அவளும் தன் வாரிசு என்று எங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அவர் இறந்ததும், இவள் யாரோ என்றார்கள் மூத்த தாரத்து மகன்கள். கையெழுத்திட்ட தாள், ஆவண அறை ஒழுகிய மழையில் கூழாகியிருந்தது. கணினியில் கோப்பு இருந்தது. திறந்தால் வரிவரியாக வெற்றுக் கட்டங்கள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு நாள் முயன்றார். எதுவும் நடக்கவில்லை.

"நான் அடிக்கையில 'இவளும் எம் மவதான்'னு மூணு தடவ சொன்னாரு சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா எம் ஞாபகத்த எவன் ஏத்துக்கிடுவான்?"

அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி அக்கா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெண் திரையை விரலால் தொட்டாள். "எங்கய்யா சொன்னது உள்ளதான இருக்கு?"

"இருக்கும்மா."

"அப்போ நாளைக்கு வாரேன் சார்."

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும். பிறகு ஒருநாள் அவள் வருவது நின்றுபோனது. இன்றும் அலுவலக வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், தலைநிமிர எனக்குப் பயமாக இருக்கிறது.