கை தூக்கினவர்களின் கசெட்

கலியாண வீட்டில் எல்லாரும் பல்லைக் காட்டிச் சிரிப்பது வீடியோக்காரனைப் பார்த்துத்தான். பந்தி போடும்போது மட்டும் அவன் ஒருத்தன் நிற்பது யாருக்கும் நினைவில் வராது.

கிழமை நாட்களில் பெற்றோல் ஸ்டேஷன், சனி ஞாயிறு வீடியோ. எண்பதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் லண்டனில் இதுதான் என் பிழைப்பு. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மேல் அறைக்குள் இரண்டு வீடியோ டெக், ஒரு சின்னத் தொலைக்காட்சி, கூரை முட்ட அடுக்கிய கசெட்டுகள். தோளில் கமரா சுமந்தவர்களுக்கும், ஏதாவது ஒரு சங்கத்தில் ஒரு வருடமாவது குப்பை கொட்டியவர்களுக்கும் நான் பட்ட பாடு பாதி சொல்லும்போதே விளங்கிவிடும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முகத்தைப் பார்த்து எண்ணுங்கோ

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. என் மகளும் அங்கேதான் படித்தாள். பள்ளிக்கூடத்தை நடத்தியது ஒரு சங்கம். சங்கத்தின் தலைமை மேற்கு லண்டனில். கதிரை மேசை இழுப்பதும் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதும் நாங்கள், முடிவெடுப்பது அவர்களா என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கிழக்குக் கிளை பிரிந்து தனிச் சங்கமாக வேண்டும் என்று நின்றார் பலசரக்குக் கடை யோகன் அண்ணை. கூடவே கூடாது என்று நின்றார் சோமசுந்தரம் மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே தபால் பிரிக்கும் வேலை. இந்த இரண்டு பேரும் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் கிடந்து, ஒரே குளிர்க் கோட்டை ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்றிப் போட்டவர்கள்.

வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. ஒருத்தரும் பிறகு மாற்றிக் கதைக்கக் கூடாது, முழுக்கப் படம் பிடி என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியே தங்கள் பக்கம் நிற்கும்படியும் கேட்டார்கள். இருவருமே என் வாடிக்கையாளர்கள். நான் இருவருக்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

கூட்டத்தன்று, கடுதாசியில் எழுதிப் பெட்டியில் போடலாமே என்று தலைமை ஆசிரியை திலகா ரீச்சர் சொல்லிப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து கந்தையா அண்ணை துள்ளி எழும்பினார். சங்கம் தொடங்கிய நாள்முதல் ஒரு கூட்டமும் தவறவிடாத மனிதர். அவர் போட்ட சத்தத்தில் நானே பயந்துபோனேன். "ஒளிச்சு நிண்டு வோட்டுப் போட நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்? கையைத் தூக்குங்கோ, முகத்தைப் பாத்து எண்ணுங்கோ!"

கதிரை வேலி

விரல் விட்டு எண்ணக்கூடிய வித்தியாசத்தில் பிரிவோம் என்ற பக்கம் வென்றது. அத்தோடு கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனால், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மண்டபத்துக்குள் இரண்டு பள்ளிக்கூடம். நடுவில் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வேலி. இந்தப் பக்கம் யோகன் அண்ணையின் ஆட்கள், அந்தப் பக்கம் மாஸ்டரின் ஆட்கள். பெற்றோர் கை தூக்கிய பக்கத்தில் பிள்ளை இருக்க வேண்டுமாம். திலகா ரீச்சர் பிள்ளைகளின் பெயர் இடாப்பை நெஞ்சோடு பிடித்தபடி வேலியின் நுனியில் நின்றார். எந்தப் பக்கமும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தேவாரத்தைத் தொடங்கின. ஒன்றை ஒன்று அமுக்க வேண்டும் என்று பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சாமிக்கு எது கேட்டதோ தெரியாது, எனக்குக் காது அடைத்துவிட்டது.

மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணி சத்தம் கேட்டு ஓடி வந்தார். நல்ல மனுசி. டிசம்பரில் நத்தாருக்கு எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு வாங்கி வைப்பவர். சனிக்கிழமைக் காலை ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் தந்தது, மண்டபத்துக்கான படிவத்தில் ஒரு பெயர், ஒரு கையெழுத்துத்தான் இருக்கலாம் என்றார். தவணை முடிவதற்குள் அது வராவிட்டால், வரிசையில் காத்திருக்கும், சண்டை பழக்கும் கராட்டி வகுப்புக்கு மண்டபம் போய்விடும். எங்களுக்கு வேறு மண்டபம் கிடையாது. இவ்வளவையும் அமைதியாகச் சொன்னவர், வேலியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டது இதுதான்: "இரண்டு பக்கமும் ஒரே பாட்டுத்தானே, பிறகு ஏன் போட்டி போட்டுக்கொண்டு பாடுகிறீர்கள்?"

நவரத்தினத்தின் சந்தேகம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோகன் அண்ணையின் பக்கம் நிற்கும் நவரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். ஒரு நாளும் ஒரு பிளேன் ரீ வாங்கித் தராத மனிதர் ரோல்ஸோடு வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது. என் மனைவியின் சுகம், மகளின் படிப்பு, கமராவின் விலை எல்லாம் விசாரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். வாக்கெடுப்புக் கசெட்டைப் போட முடியுமா என்று கேட்டார். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க அதற்கு முன்பே மூன்று பேர் வந்து கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பொய்யையே இவருக்கும் சொன்னேன்: இன்னும் எடிட் பண்ணவில்லை. உண்மையில் நானே அதைப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அலுமாரிக்கு மேலே சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

எடிட் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் போதும் என்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மாஸ்டரை, யோகன் அண்ணையை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டு, கடித்த ரோல்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். "வேற ஒருத்தரையும் இல்லைத் தம்பி, என்ர மனிசியைத்தான். என்ர பக்கம்தான் கை தூக்கினதெண்டு சொல்லுறா, ஆனா அவவின்ர முகம் சரியில்லை."

வெட்டச் சொன்ன கை

வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை முந்தி, பாலச்சந்திரனின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டைப் படம் பிடித்திருந்தேன். பாலச்சந்திரன் பிரிவோம் கட்சி. கசெட்டை முடித்துக் கொடுக்கும் நேரம் வந்து, மாஸ்டரின் ஆட்கள் ஒருத்தரும் அதில் இருக்கக் கூடாது, எல்லாரையும் வெட்டு என்றார். சரி என்று வெட்டத் தொடங்கினேன். ஆலத்தி எடுத்த பெண்களில் பாதி போனது. பந்தியில் முக்கால்வாசி போனது. கடைசியில் ஒரு இடத்தில் என்னால் வெட்ட முடியவில்லை. பிள்ளை தலைகுனிந்து நிற்கிறாள், மாஸ்டர் அவள் தலையில் கை வைத்து வாழ்த்துகிறார். மாஸ்டரை வெட்டினால் பிள்ளையும் போய்விடும். அந்தச் சேலையோடு அவள் நேரே நிற்கும் படம் வேறு இல்லை.

பாலச்சந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிள்ளைக்கு அட்சரம் தொடக்கி வைத்ததே அந்த மாஸ்டர்தான். மனம் இளகிவிட்டது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அவர் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, தலையில இருக்கிற அந்தக் கையை மட்டும் எடுக்கேலாதோ?"

சரிந்த படம்

தவணை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. படிவத்தில் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. அன்றைக்கு எண்ணினதே பிழை என்றார்கள் மாஸ்டரின் ஆட்கள். எங்கள் பக்கம்தான் ஆட்கள் கூட, அதனால் மண்டபம் எங்களுக்கே என்று இரண்டு பக்கமும் ஒற்றைக்காலில் நின்றன. திலகா ரீச்சர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கசெட்டைப் போடு, நான் எண்ணிப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கத்தை வைத்தாவது பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவோம் என்றார். கராட்டி வகுப்பை நினைத்து அவர் அழுதே விட்டார். அவருக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சூட்கேசை நகர்த்தினேன்.

பிரிவோம் என்று முதல் தடவை கை தூக்கினார்கள். ரீச்சர் எண்ணி எழுதினார். வேண்டாம் என்று இரண்டாவது தடவை. ரீச்சரின் பேனை பாதியில் நின்றது. திரும்ப ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கந்தையா அண்ணை முதல் தடவை கை தூக்குகிறார். இரண்டாவது தடவையும் தூக்குகிறார். அவருக்குப் பின்னால் இருந்த தம்பதி, இரண்டு தடவையும். பாலச்சந்திரன் இரண்டு தடவையும்! முதலில் உயரமாக, பிறகு காதைச் சொறிவதுபோல அரைவாசி. நவரத்தினமும் அப்படியே. அவர் மனைவியோ இரண்டு தடவையும் கையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லாமல் போனதற்குக் காரணம் விளங்கியது. இரண்டு தொகையையும் கூட்டினால் மண்டபத்தில் இருந்த சனத்தைவிட எவ்வளவோ கூட வந்தது. கணக்குப் படிப்பித்த மாஸ்டருக்கே அன்றைக்குக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ரீச்சர் மூன்றாம் முறையும் ஓட்டச் சொன்னார். இந்த முறை அவர் ஆட்களைப் பார்க்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினார். "தம்பி, ரெண்டு தரமும் சரியா அந்த இடத்திலதான் படம் சரியுது. லென்ஸைப் பிடிக்கிற உம்மட மற்றக் கை எங்க போனது?"

ஒரே படிவம்

கடைசிச் சனிக்கிழமை தொலைக்காட்சியையும் ஒரு டெக்கையும் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றோடு லண்டனில் என் வீடியோத் தொழில் முடிந்தது என்றே நினைத்தேன். கதிரை வேலிக்கு இரு பக்கமும் நின்ற சனத்துக்கு முன்னால், நான் இரண்டு தடவையும் கை தூக்கியவன், இன்னும் யார் யார் தூக்கினார்கள் என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கசெட்டைப் போட்டேன். திரையில் தன் கையைத் தானே கண்டவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். யோகன் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. கந்தையா அண்ணையைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கந்தையா அண்ணை ஒளிக்கவில்லை. "நீயும் வந்து கேட்டனி, மாஸ்டரும் வந்து கேட்டவர். ரெண்டு பேரும் என்ர வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சனியள். நான் ஆருக்கெண்டு இல்லையெண்டு சொல்லுறது?" என்றார். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது.

மாஸ்டர் கரும்பலகைக்குப் போனார். இரண்டு தொகையையும் எழுதிக் கூட்டினார். விடையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு வேலியிலிருந்து ஒரு கதிரையை எடுத்துக் கீழே வைத்தார். அடுத்ததை யோகன் அண்ணை எடுத்தார். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். ஏனோ எனக்கு அழுகை வந்தது. சங்கம் பிரிவதைப் பற்றி ஆறுதலாகப் பேசலாம், பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்று இருவரும் சொன்னார்கள். இனிக் கையெழுத்துத்தானே, ஒரு நிமிட வேலை என்று நினைத்தேன். நீங்கள் போடுங்கோ மாஸ்டர், இல்லை நீர் போடும் யோகன், நீங்கள்தான் மூத்தவர், நீர்தான் வெண்டனீர் என்று படிவம் மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரத் தொடங்கியது. கால் மணி நேரம் போனது. திலகா ரீச்சர் பாய்ந்து வந்து படிவத்தைப் பறித்தார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "பேனையை இஞ்ச தாங்கோ! அங்க கராட்டிக்காரன் வெள்ளை உடுப்போட வாசல்ல நிக்கிறான்!"

ரீச்சர் தன் பெயரையே எழுதிக் கையெழுத்து வைத்தார், வேண்டாம் என்று ஒரு பக்கமும் சொல்லவில்லை. இல்லை என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாததால்தான் நாங்கள் பிரிந்தோம், அதே காரணத்தால்தான் திரும்பச் சேர்ந்தும் தொலைத்தோம்.