கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

கிணற்றுக்கு மருந்து போடுகிற உத்தியோகம் உங்களில் யாருக்காவது வாய்த்திருந்தால், நாம் ஒரே பாவத்தை அனுபவித்தவர்கள். ஊசி போடுகிற டாக்டருக்காவது ஒரு கும்பிடு உண்டு. சைக்கிளில் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வருகிற சுகாதார இன்ஸ்பெக்டருக்கு நாய்தான் வரவேற்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் பரமத்தி வேலூர்ப் பக்கம் நான் பட்ட பாட்டில் ஒரு கிணற்றை மட்டும் சொல்கிறேன்.

குளிக்கிறதும் குடிக்கிறதும்

அகலமான படிக்கிணறு. ஒரு பக்கம் துணி துவைப்பார்கள், இளவட்டங்கள் மேலிருந்து குதிப்பார்கள், பெண்கள் நுரையைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குடிக்கக் குடம் முக்குவார்கள். ஆற்றோர ஊர்களிலெல்லாம் வாந்திபேதி. "குளிக்கிற தண்ணீரைக் குடிக்காதீர்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். படியில் நின்றிருந்தவள் பாவாயி, ஊர்க்கவுண்டரின் ஒரே மகள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்திருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, எங்க அழுக்கை நாங்கதான குடிக்கறோம், உங்களுக்கென்னங்க நோவுது?"

மருந்து வாடை

அன்றைக்கே பவுடரைக் கரைத்து ஊற்றினேன். வாடை குப்பென்று கிளம்ப, பாவாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கோயில் வாசலில், அம்மனுக்குப் புருஷன் என்று, மூன்று கிளை விட்ட கம்பம் நட்டிருந்தார்கள். நோம்பி முடியும்வரை பெண்கள் இந்தக் கிணற்றில் முழுகி, ஈரத்துணியோடு குடம் கொண்டுபோய் அந்தக் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். குழந்தை இல்லாத பாவாயி அதற்காகவே வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆத்தாளுக்கு நாற்றத் தண்ணியா என்று பூசாரி குதித்தார். விடிந்தால் வாடை குறைந்துவிடும், கிணற்றைத் தொடாதீர்கள் என்று கவுண்டரிடம் கெஞ்சினேன். அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க சாமி, நாங்க பாத்துக்கறோம்."

நல்ல தண்ணி

பார்த்துக்கொண்டார்கள், வயிறெரிகிற மாதிரி! மறுபடி நான் போனபோது கிணற்றில் வாடையே இல்லை. மாடு கட்டி மருந்துத் தண்ணீரை அடிவரைக்கும் இறைத்துச் சோளக்காட்டில் விட்டுவிட்டு, காவேரித் தீர்த்தமாயிற்றே என்று வாய்க்காலை வெட்டி உள்ளே திருப்பியிருந்தார்கள். மேல்பக்கத்து ஊரில் வாந்திபேதிக்காரர்களின் துணியை அந்த வாய்க்காலில்தான் அலசிக்கொண்டிருந்தார்கள், வழியில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். அடப்பாவிகளா என்று வாய்விட்டே திட்டினேன். டப்பாவைத் திறக்கப் போனால் கவுண்டர் குறுக்கே நின்றார், நோம்பி முடியட்டும் என்றார். தாலுகாவில் சொல்லிப் போலீஸைக் கூட்டிவரத்தான் சைக்கிளைத் திருப்பினேன். பாவாயி ஈரத்தலையோடு ஒரு செம்பை நீட்டினாள்: "இப்பக் குடிச்சுப் பாருங்க, எளநியாட்ட இருக்குது!"

யாரும் மறிக்கவில்லை

மூன்றாம் நாள் போலீஸ்காரரோடு நான் திரும்பியபோது மேளச் சத்தம் இல்லை. தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் படுத்திருந்தது. மயானத்திலிருந்து வந்தவர்கள் எதிரே வந்தார்கள். வாந்திபேதியில் முதல் ஆளாகப் போனவள் பாவாயிதான். கோயில் வாசலில் கம்பம் காய்ந்துபோய் நின்றது, ஊற்ற யாரும் வரவில்லை. கவுண்டர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவரே எழுந்து டப்பாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்: "போடுங்க சாமி, எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. மூக்கைப் பொத்தறதுக்கு எங்க அம்மிணி இல்லீங்க."

என் உத்தியோக காலத்தில் ஒருவரும் மறிக்காமல் நான் மருந்து போட்ட முதல் கிணறு அதுதான்.