அப்பாவின் நீலப் படுதா

கல்வராயன் மலையில் இரவு தங்குவதற்குக் கூடாரம் வாங்க, கள்ளக்குறிச்சிக் கடைக்குப் போனேன்.

"ஒன்றரைக் கிலோதான் மேடம். சொட்டு மழை எறங்காது" என்றார் கடைக்காரர்.

பிரித்ததும் புது நைலான் வாசனை. மக்காச்சோளக் கொல்லையில் காவலுக்குப் படுக்க, சங்கராபுரம் சந்தையில் அப்பா வாங்கிவந்த நீலப் படுதாவும் இப்படித்தான் மணத்தது. அது மழை தாங்கும் என்று அம்மா நம்பவில்லை.

"இன்னாங்க இது, காயிதமாட்டம் கீது?"

அப்பாவை அதன்கீழ் உட்காரவைத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஒழுகவில்லை. அப்பா சிரித்தார். அவள் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மழைக்கு முன்னால் வந்த காற்று, படுதாவை முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு போனது. நனைந்துவந்த அப்பா காய்ச்சலில் படுத்தார். அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்: "தண்ணிய ஊத்திப் பாத்தன். காத்த எங்கடி புடிச்சாந்து பாக்கறது?"

"காத்துக்கு நிக்குமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மழைக்கு கேரண்டி மேடம்" என்றார்.