விலகி நின்ற கோடு

நான் தாம்பரம் ரயில் நிலையப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஹேமலதாவின் தம்பி போனில் அழைத்தார். பெருங்களத்தூர் அருகே ஜல்லி ஏற்றிய லாரி அவளுடைய ஸ்கூட்டரை அடித்து, சாலைத் தடுப்புவரை இழுத்துப் போயிருக்கிறது. "ஹெல்மெட்டே ரெண்டா பொளந்துடுச்சு அக்கா," என்றார்.

அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஹேமா சாந்தமானவள் அல்ல. இரங்கல் கூட்டத்தில் 'அன்பே உருவானவர்' என்றார்கள். கோபத்தில் கீபோர்டை மேசையில் அடித்து உடைத்தவள் அவள்.

மறைமலை நகரில் என்ஜின் வடிவமைக்கும் அலுவலகத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. சிலிண்டருக்குள் எரிபொருள் எரிவதைக் கணினியில் கணக்கிடுவது வேலை. தீ பரவும் வேகத்தைத் தீர்மானிக்கும் ஓர் எண் அந்தக் கணக்கில் உண்டு. அதைக் கூட்டிக் குறைத்தால், கணினி வரையும் அழுத்தக் கோடு சோதனையில் அளந்த கோட்டின்மேல் வந்து படியும். என்ஜினின் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி எண் வைத்துப் படியவைப்பதே அலுவலக வழக்கம். ஹேமா எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் வைப்பாள். "ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க நாம என்ன டெய்லரா? டெஸ்ட்ல அளக்காத இடத்துல அந்தக் கணக்கு என்ன சொல்லும்?"

அளக்காத இடம் ஒருநாள் வந்தது. புதிய என்ஜினை அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டச் சொன்னார் மேலாளர். அலுவலகக் கணக்கு ஆபத்தில்லை என்றது. ஹேமாவின் கணக்கோ, எரிபொருள் தானாகவே வெடித்துப் பிஸ்டனை நொறுக்கும் என்றது.

"உன் கோடு பழைய டெஸ்டுக்கே ஒட்டலையேம்மா," என்று சிரித்தார் மேலாளர்.

"ஒட்டலதான் சார். எங்க ஒட்டலன்னு எனக்குத் தெரியும். உங்க கோடு எங்க பொய் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சோதனைக் கூடத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை இயக்கும் பாஸ்கர் அடுத்த அறையிலிருந்து கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நிறுத்திட்டு வெளிய வாங்க."

"இன்னா மேடம், நல்லா ஓடிக்கினு கீது. இப்போ வந்து பேஜார் பண்றீங்க."

அவள் அவர் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். அவர் திமிறியதில் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. உள்ளே சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம், உடனே இடி. பிஸ்டனைத் தாங்கும் தண்டு என்ஜினைப் பிளந்து, ஜன்னலைத் தூளாக்கி, எதிர்ச்சுவரில் போய்ச் செருகியது. தெறித்த எண்ணெயில் அவள் முன்கை வெந்தது.

புகைக்குள்ளிருந்து பாஸ்கரின் குரல் வந்தது. "புதுச் சட்டை மேடம், கிழிச்சிட்டீங்க."

"உங்க கழுத்து பழசுதானே அண்ணா. அது இருக்கட்டும்," என்றாள், வாயில் ரத்தத்தோடு.

மின்மயானத்தில் அவள் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் பாஸ்கர்தான்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒற்றை எண் பிடிவாதம். நேற்று என் வரைபடத்தில், மேல்வேகத்தில் கணக்கிட்ட கோடும் அளந்த கோடும் விலகி நின்றன. படியவைப்பதற்காக எண்ணை நான் மாற்றவில்லை. விலகல் தெரியும்படியே அனுப்பிவிட்டு, சோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன்.

"பாஸ்கர் அண்ணா, ஜன்னல் பக்கம் நிக்காதீங்க."

"சரி மேடம்," என்றார். ஏன் என்று கேட்கவில்லை.