லென்ஸுக்குள் தூசி, நாளைக்குக் கல்யாணம்

சும்மா இருக்க முடியாமல் இன்று காலை லென்ஸுக்குள் போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே மாவு தூவியதுபோல் தூசி.

நாளை சாய்ந்தமருதில் கல்யாணம். பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபரை விடமாட்டார்கள், அங்கே நான் மட்டும்தான். என் படம் பிழையாகிப் போனால் மணப்பெண்ணுக்குப் படமே இல்லை.

ஓட்டோ பிடித்துக் கல்முனைக்கு ஓடினேன். தூசி என்றேன்; கெமரா திருத்தும் அண்ணன், எங்கள் வாயில் காக்கா, டோர்ச்சைத் தொடவே இல்லை.

"போன கிழம எடுத்த படத்தக் காட்டு தங்கச்சி."

பெண்களின் படத்தைக் காட்ட ஏலாது. ஆட்கள் வருவதற்கு முன் எடுத்த மேடைப் படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"தூசி ஒண்டும் விழல்ல. உள்ளுக்க இரிக்கிறத உட்டுடு, நான் தொறந்தா இன்னும் போகும். ஆனா லைட்டெல்லாம் ஏன் பொகஞ்ச மாதிரி இரிக்கி?"

லென்ஸைச் சரித்தார். முன்கண்ணாடியின் நடுவில் பிசுபிசுத்த ஒரு பெருவிரல் அடையாளம். சாப்பிடாமல் படம் எடுக்கவிட மாட்டோம் என்று போன வாரக் கல்யாண வீட்டில் கையில் திணித்த, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வழியும் வட்டிலாப்பம்!

அவர் துணியை எடுக்க, "வேணாம் காக்கா!" என்று லென்ஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

நாளைய மணப்பெண் அந்தப் போன கிழமை மணப்பெண்ணின் சிநேகிதி. அவளுடைய படங்களைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தாள். "ராத்தா, எனக்கும் அதே மாதிரி கனவுக்குள்ள இரிக்கிற போல வரணும்" என்று மூன்று தரம் சொன்னாள்.

நீங்களே சொல்லுங்கள். துடைத்துவிட்டுப் போகவா, வட்டிலாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகவா?